நலம், நலமறிய ஆவல்

லிங்கராஜபுரத்தில் கன்னடம் தெரியாமலேயே காலம் தள்ளிவிடலாம். மளிகைக் கடை, இஸ்திரி வண்டி, ஆட்டோ ஸ்டாண்டு, கோயில், சர்ச் என்று எங்கே போனாலும் தமிழ் காதில் விழும். நம்மைப் போல பொட்டி தட்ட வந்த கூட்டம் கொண்டுவந்த தமிழ் இல்லை இது. இருநூறு வருஷத்துத் தமிழ். இதைக் கொண்டுவந்தது பட்டாளம்.

சரித்திர வாத்தியார் மாதிரி ஆரம்பிக்கிறானே என்று ஓடிவிடாதீர்கள். விஷயம் நம் எல்லார் வீட்டுக்கும் பக்கத்தில் இருப்பதுதான்.

1799ல் திப்பு சுல்தான் விழுந்த பிறகு கம்பெனிப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. காய்ச்சலும் கொசுவும் தாங்கவில்லை. மேட்டு நிலம், நல்ல காற்று என்று பெங்களூருக்கு நகர்ந்தார்கள். 1809 வாக்கில் கண்டோன்மென்ட் உருவானது. வந்தது மெட்ராஸ் ராணுவம் என்பதால் சிப்பாய்களிலும், அவர்களுக்குச் சமைக்க, துவைக்க, மாடு ஓட்ட, கல் உடைக்க வந்தவர்களிலும் பெரும் பகுதி தமிழ் பேசுகிறவர்கள். 1780ல் ஆரம்பித்த மெட்ராஸ் பயனியர் படையின் வழி வந்த மெட்ராஸ் சாப்பர்ஸ், 1834ல் பெங்களூரைத் தலைமையிடமாக்கிக்கொண்டது. அல்சூர் ஏரிப் பக்கம் இன்றைக்கும் இருக்கிறது. அந்தப் படையினருக்கு ராணுவத்தில் செல்லப் பெயரே 'தம்பி'தான்.

லிங்கராஜபுரம் மேம்பாலத்தைத் தாண்டி காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் என்று அல்சூர் நோக்கிப் போனால் தெருப் பெயர்களே கதை சொல்லும். அஸ்ஸாயி ரோடு என்பது 1803ல் மராத்தியருடன் நடந்த சண்டை. மீயானி அவென்யூ என்பது 1843ல் சிந்துவில் நடந்த சண்டை. இங்கிருந்து நாம் அமெரிக்காவுக்கும் வளைகுடாவுக்கும் போவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, மாதச் சம்பளத்துக்காக ஊரை விட்டுக் கிளம்பி, பணம் அனுப்பி, லீவுக்கு ஏங்கி வாழ்ந்த தமிழன் இந்தச் சிப்பாய்தான். புலம்பெயர்ந்த உத்தியோகஸ்தன் என்று யாரையாவது முதலில் சொல்ல வேண்டுமானால் அவனைச் சொல்லலாம்.

பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சேரும் இடத்தில் பயனியர் படையினருக்கான போர் நினைவுத் தூண் இருக்கிறது. ஷாப்பிங் போகும்போது பார்த்திருப்பீர்கள். முதல் உலகப் போர் உள்ளிட்ட சண்டைகளில் செத்தவர்களுக்காக வைத்தது. போரில் விழுந்தவனுக்குக் கல் உண்டு. போர் முடிந்து, அல்லது போரே இல்லாமல், மனசு உடைந்து தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட சிப்பாய்க்கு என்ன உண்டு? அந்தக் கேள்வியின் சரித்திரம்தான் இந்தப் பதிவு.

கம்பெனி காலத்தில் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. அதன் பெயரே 'பியூன்கள், ஏழைகள், சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரி'. சமூகம் யாரை யாரோடு சேர்த்துப் படுக்க வைத்தது என்று பெயரிலேயே தெரிகிறது பாருங்கள். 1847ல் தனியாக ஒரு மனநோய் விடுதி தொடங்கப்பட்டது. நடத்தியவர் சார்லஸ் இர்விங் ஸ்மித் என்ற டாக்டர். அந்த விடுதிதான் 1925ல் மைசூர் அரசின் மனநல மருத்துவமனை என்று பெயர் மாறியது. 1954ல் மத்திய அரசு அகில இந்திய மனநலக் கழகத்தை ஏற்படுத்தியது. இரண்டும் இணைந்து 1974ல் நிம்ஹான்ஸ் ஆனது. ஓசூர் ரோட்டில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு நாம் முறைத்துப் பார்க்கும் அதே நிம்ஹான்ஸ்.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரச் சோல்ஜருக்கு மனநிலை கெட்டால் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1818 முதல் 1870 வரை லண்டன் ஹாக்னியில் பெம்புரோக் ஹவுஸ் என்ற விடுதி இந்தியாவிலிருந்து வந்த இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்தது. 1870ல் அது ஈலிங்குக்கு மாறியது. அதே வருஷம் நெட்லி ராணுவ ஆஸ்பத்திரியில் மனநோய்க்கென்றே 'டி பிளாக்' கட்டினார்கள். நாசிக் பக்கம் தேவலாலி என்று ஒரு முகாம். ஊருக்குத் திரும்பும் சோல்ஜர்கள் கப்பலுக்காக மாதக்கணக்கில் வெயிலில் வேலையில்லாமல் காத்துக்கிடந்த இடம். அந்தக் காத்திருப்பிலேயே பலருக்குப் புத்தி பேதலித்தது என்பார்கள். ஊர்ப் பெயரே ஆங்கிலத்தில் 'டூலாலி' என்று கிறுக்குக்குப் பெயராகிவிட்டது.

நம் சிப்பாய்க்கு அந்தக் கப்பல் கிடையாது. உள்ளூர் விடுதி, இல்லாவிட்டால் டிஸ்சார்ஜ் கொடுத்து ஊருக்கு. ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமத்தில் அவனுடைய அம்மாவும் பெண்டாட்டியும்தான் டி பிளாக். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. ஒற்றுமை அதைவிட முக்கியம். உடைந்த மனசை அங்கேயே வைத்துப் பார்ப்பதில்லை, வெளியே அனுப்பிவிடுவது. சரித்திரத்தைப் புரட்டினால் இந்தப் பழக்கம் திரும்பத் திரும்ப வருகிறது.

பட்டாளத்துக்காரனின் தற்கொலையை முதலில் புள்ளிவிவரத்தோடு உட்கார்ந்து யோசித்தவர்களில் ஒருவர் பிரெஞ்சுக்காரர் எமில் துர்கைம். 1897ல் வந்த தன் புத்தகத்தில், ஐரோப்பிய நாடுகளில் சிவிலியன்களைவிடச் சோல்ஜர்களே அதிகம் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்று காட்டினார். சேவையின் கஷ்டம்தான் காரணமென்றால் புதிதாகச் சேர்ந்த பையன்கள் அதிகம் சாக வேண்டும். ஆனால் வருஷம் கூடக்கூட, மறுபடி விரும்பிச் சேர்ந்தவர்களிடம்தான் அதிகம் இருந்தது. உன் உயிர் உனக்குப் பெரிதில்லை என்று வருஷக்கணக்காகப் பழக்கினால் மனுஷன் ஒருநாள் அதை நம்பிவிடுகிறான் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். முழு உண்மை அதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோழைத்தனம் என்ற வார்த்தையைத் தூக்கிப்போட அது போதும்.

முதல் உலகப் போர் வந்தது. 1915 பிப்ரவரியில் சார்லஸ் மையர்ஸ் என்பவர் லான்செட் பத்திரிகையில் 'ஷெல் ஷாக்' என்ற வார்த்தையை அச்சேற்றினார். குண்டடி படாமலேயே கண் தெரியாமல், நினைவு தப்பி வந்தவர்களைப் பற்றிய கட்டுரை. நம் ஆட்கள் அப்போது பிரான்சில் பதுங்குகுழிக் குளிரில் இருந்தார்கள். காயம்பட்டவர்களை இங்கிலாந்தின் பிரைட்டனுக்குக் கொண்டுபோனார்கள். கையில் காயத்தோடு நிறையப் பேர் வருகிறார்களே, சண்டைக்குப் பயந்து தாங்களே சுட்டுக்கொள்கிறார்களோ என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். பிரைட்டன் ஆஸ்பத்திரியில் கர்னல் புரூஸ் சீட்டன் 1000 காயங்களை எடுத்து ஆராய்ந்தார். அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரமில்லை என்று முடிவு சொன்னார். சந்தேகப்படத் தோன்றிய ஆட்களுக்கு, ஆறிய காயத்தோடு மறுபடி அதே குழிக்கு அனுப்பினால் அவன் மனசு என்னாகும் என்று கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு எழுதும் கடிதங்களையும் பிரித்துப் படித்தார்கள். அதனால் சிப்பாய்கள் மிளகாய், மிளகு என்று சங்கேதமாக எழுதினார்கள். கறுப்பு மிளகு நம்மாள், சிவப்பு மிளகாய் வெள்ளைக்காரன். மனசில் இருப்பதை நேரே எழுத முடியாத கடிதம் அப்போதே பழகிவிட்டது.

பிரிட்டிஷ் படையிலேயே ஓடிப்போனது, கட்டளை மீறியது, கோழைத்தனம் என்று சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் 306 பேருக்கு 2006ல்தான் மன்னிப்புச் சட்டம் வந்தது. அவர்களில் சிலர் ஷெல் ஷாக்கில் இருந்தவர்கள். தொண்ணூறு வருஷம். அதே போரின் கடைசியில் அமெரிக்க டாக்டர் தாமஸ் சால்மன் இன்னொரு வழி சொன்னார். உடைந்தவனைத் தூரத்துக்கு அனுப்பாதே. படைக்குப் பக்கத்திலேயே, உடனே, நீ சரியாகிவிடுவாய் என்ற நம்பிக்கையோடு கவனி. போருக்கு ஆள் வேண்டும் என்ற கணக்கும் அதில் உண்டுதான். ஆனாலும் வெளியே தள்ளுவதற்கு எதிரான பெரிய யோசனை அது.

இனி எங்கள் ஊர்க் கதை கொஞ்சம். தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில் ஆச்சியின் தம்பியை 'பட்டாளத்துத் தாத்தா' என்போம். இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லைக்குப் போய்விட்டு 1946ல் திரும்பியவர். எந்த ரெஜிமென்ட், என்ன சண்டை என்று யாருக்கும் சொன்னதில்லை. நான் பார்த்த காலத்தில் வருஷம் முழுக்கச் சாதாரணமாக இருப்பார். தீபாவளிக்கு முந்தின நாள் மட்டும் ஊரில் இருக்க மாட்டார். வெடிச் சத்தம் ஆகாது. வயக்காட்டுக் கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொள்வார். அவர் சம்சாரம் தூக்குச் சட்டியில் சோறும் அதிரசமும் எடுத்துக்கொண்டு கூடவே போய்விடுவாள். ராத்திரி அங்கேயே படுக்கை. மறுநாள் திரும்பி வருவார்கள். இதை யாரும் நோய் என்று சொன்னதில்லை, யாரும் கேலி செய்ததுமில்லை. 'அங்க பாத்தது அப்பிடி' என்பதோடு பேச்சு முடியும். நாற்பது தீபாவளிக்கு மேல் அந்த அம்மாள் புதுச்சேலையோடு கிணற்றடியில்தான் இருந்தாள்.

அவர் போர்க்காலத்தில் எழுதின கடிதங்களில் இரண்டு மூன்று தகரப் பெட்டியில் கிடந்தன. எல்லாம் ஒரே வாசகம். இங்கு நான் நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல். பிறகு எருமை கன்று போட்டதா, மழை உண்டா, பணம் வந்து சேர்ந்ததா. அவ்வளவுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு கடித முகவரி கேர் ஆஃப் 56 ஏபிஓ, 99 ஏபிஓ என்று மாறியது. வாசகம் மாறவில்லை. மாறாததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1950ன் ராணுவச் சட்டம், 64ஆம் பிரிவு, தற்கொலை முயற்சியைக் குற்றமாக எழுதி ஏழு வருஷம் வரை சிறை என்றது. அப்புறம் மெடிக்கல் கேட்டகரி. ராணுவத்தில் ஒவ்வொருவருக்கும் 'ஷேப்' என்று ஐந்து எழுத்துக் கணக்கு உண்டு. மனநிலை, காது, கைகால், பொது உடல்நிலை, கண். முதல் எழுத்தே மனசுதான். அந்த எழுத்துக்குப் பக்கத்தில் எண் இறங்கினால் பிரமோஷன், நல்ல போஸ்டிங் எல்லாவற்றுக்கும் ஆபத்து. எனக்குத் தூக்கம் வரவில்லை டாக்டர் என்று எந்த ஹவில்தார் வாயைத் திறப்பான்?

எண்ணிக்கைக்கு வருவோம். 2001 முதல் ஆண்டுக்குச் சராசரியாக 100 முதல் 140 பேரை இப்படி இழக்கிறோம் என்று 2023ல் ராணுவமே அறிக்கையில் சொன்னது. 2022 ஜூலையில் ராஜ்யசபாவில் இணையமைச்சர் அஜய் பட் கொடுத்த பதிலில், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் முப்படையிலும் 819 பேர். தரைப்படை 642, விமானப்படை 148, கடற்படை 29. முப்படையில் ஏறக்குறைய 14 லட்சம் பேர் என்று வைத்தால் லட்சத்துக்குப் பன்னிரண்டு பேருக்குச் சற்றுக் குறைவு. 2021ல் இந்தியச் சராசரியும் லட்சத்துக்கு 12தான். நம் தமிழ்நாட்டில் அது 24.7.

'அப்போ ராணுவத்தில் பிரச்சினையே இல்லையே' என்று கேட்கலாம். ஆனால் நாட்டுச் சராசரியில் தீராத நோயாளி, கடன்பட்டவர், வேலையில்லாதவர், தனித்துக்கிடக்கும் முதியவர் எல்லாரும் அடக்கம். ராணுவத்தில் இருப்பவர்கள் உடம்பும் மனசும் சோதித்து எடுக்கப்பட்ட, மாதச் சம்பளமும் பென்ஷன் எதிர்பார்ப்பும் உள்ள ஆட்கள். வடிகட்டி எடுத்த கூட்டத்திலும் அதே எண் வந்தால் அதைச் சின்ன எண் என்று சொல்ல முடியாது.

காரணம் கேட்டால் பாராளுமன்றத்தில் வரும் பதில் அநேகமாக ஒன்றுதான். குடும்பப் பிரச்சினை, கணவன் மனைவி மனக்கசப்பு, பணக் கஷ்டம், மன அழுத்தம். 2008ல் பாராளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழு ஆயுதப்படைகளில் மன அழுத்தம் பற்றியே தனி அறிக்கை கொடுத்தது. பதில் பொய் இல்லை. ஆனால் பாதிதான். பங்காளி வரப்பை நகர்த்திவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருப்பவன் கத்திச் சண்டை போடுவான், பஞ்சாயத்துக்குப் போவான், தாலுகா ஆபீஸில் நாலு நாள் நிற்பான், கோபம் வடியும். குப்வாராவில் காவல் நிற்பவன் என்ன செய்வான்? அப்பா குரல் போனில் நடுங்குகிறது. லீவு இப்போது இல்லை. இன்லண்ட் லெட்டர் காலத்தில் செய்தி வந்து சேர்வதற்குள் பாதிப் பிரச்சினை ஆறியிருக்கும். செல்போனில் அது சூட்டோடு வருகிறது, கையோ எட்டாது. பிரச்சினை வீட்டில் இருக்கிறது என்பது சரி. கையைக் கட்டியிருப்பது தூரம். 'குடும்பக் காரணம்' என்று எழுதி ஃபைலை மூடும்போது, பழைய காலத்தில் ஆளை ஊருக்கு அனுப்பியது போல, இப்போது பழியை ஊருக்கு அனுப்புகிறோம்.

செத்த பிறகும் இது முடிவதில்லை. 2023 அக்டோபரில் ஜம்மு காஷ்மீரில் பணியிலிருந்த அக்னிவீரர் ஒருவர் இறந்தார். ராணுவ மரியாதையோடு அடக்கம் நடக்கவில்லை என்று பஞ்சாபில் பெரிய சர்ச்சை. அக்னிவீரர் என்பதால் அல்ல, தன்னால் தனக்கு நேர்ந்த காயத்தால் வந்த மரணத்துக்கு 1967ன் ராணுவ ஆணைப்படியே மரியாதை கிடையாது, எல்லாருக்கும் அதே விதிதான் என்று ராணுவம் விளக்கம் கொடுத்தது. எல்லாருக்கும் அதே விதி என்பது உண்மைதான். அந்த விதியே சரியா என்பதுதான் கேள்வி. மலேரியாவில் செத்தால் மரியாதை உண்டு. மனசு நோயால் செத்தால் இல்லை. அமெரிக்காவிலும் போர்முனையில் தற்கொலை செய்துகொண்டவர் குடும்பத்துக்கு ஜனாதிபதியின் இரங்கல் கடிதம் போகாது என்று ஒரு வழக்கம் இருந்தது. குடும்பங்கள் விடாமல் கேட்டன. 2011 ஜூலையில் ஒபாமா அதை மாற்றினார். அடுத்த வருஷம், 2012ல், அங்கே பணியிலிருந்தவர்களின் தற்கொலை 349 என்று முதல் கணக்கு வந்தது. ஆப்கானிஸ்தானில் அந்த வருஷம் செத்தவர்களைவிட அது அதிகம்.

நம்மிடமும் மாற்றம் இல்லாமல் இல்லை. 2017ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவில், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. ஆனால் அந்தப் பிரிவு பெயர் சொல்வது இந்திய தண்டனைச் சட்டத்தை மட்டும், ராணுவச் சட்டத்தை அல்ல. ராணுவத்தில் ஆலோசகர்கள், ஹெல்ப்லைன், லீவு விதிகளில் தளர்வு என்று வந்திருக்கின்றன. 2022 அக்டோபர் 10ல் டெலி மானஸ் என்ற தேசிய மனநலத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. அதன் தலைமை மையம் நம்ம நிம்ஹான்ஸ். 2023 டிசம்பரில் ஆயுதப்படையினருக்கென்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தனிப் பிரிவு. சிப்பாயையும் பியூனையும் ஒரே கட்டடத்தில் அடைத்த ஊரிலிருந்து, கேம்பில் இருந்தபடியே யாருக்கும் தெரியாமல் பேச ஒரு எண் வந்திருக்கிறது. வெளியே அனுப்பாமல் அங்கேயே கவனி என்று சால்மன் சொன்னதற்கு நூறு வருஷம் கழித்து ஒரு படி.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளைக் கொடுக்கும் ஊர்கள் நம்மிடம் உண்டு. அண்ணன் துபாயில், தம்பி லடாக்கில் என்ற வீடுகள் உண்டு. சிங்கப்பூரில் 1967 முதல் நம் பையன்களும் தேசிய சேவைக்குப் போகிறார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் யூனிஃபார்ம் போட்ட தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தூரத்தில் இருந்துகொண்டு 'நல்லா இருக்கேன்' என்று சொல்லும் கலை நமக்கும் கைவந்ததுதான். அதனால் நமக்குச் சொல்லப்படும் 'நல்லா இருக்கேன்'-ஐயும் கொஞ்சம் நிதானமாகக் கேட்கலாம்.

லீவில் வரும் ஆளிடம் கேன்டீன் சாமானையும் கடன் பாக்கியையும் முதல் நாளே பேசாதீர்கள். தூக்கம் வருதா, சாப்பாடு இறங்குதா, கூடப் பேச அங்கே யார் இருக்கா என்று கேளுங்கள். குடி கூடியிருக்கிறதா, பேச்சு குறைந்திருக்கிறதா, 'நான் இல்லேன்னா நீங்க சமாளிச்சுக்குவீங்க' என்கிற மாதிரி வார்த்தை வருகிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால், சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பலருக்கு அந்தக் கேள்வியே பெரிய இளைப்பாறல். ஊர் வழக்கு, பட்டா, ஸ்டேஷன் வேலைகளில் ஒன்றை நீங்கள் எடுத்துச் செய்து முடித்துவிட்டுப் போன் பண்ணுங்கள். அதைவிடப் பெரிய கவுன்சலிங் கிடையாது.

எண்களைக் குறித்து வையுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா 044-24640050. அமெரிக்காவில் 988, ராணுவத்தினர் அடுத்து 1ஐ அழுத்தலாம். கனடாவிலும் 988. பிரிட்டன் 116 123. சிங்கப்பூர் 1767. ஆஸ்திரேலியா 13 11 14. இலங்கை 1926. வீட்டில் பட்டாளத்துக்காரர் இருந்தால் அவர் போனில் இன்றைக்கே ஏற்றிக் கொடுத்துவிடுங்கள்.